உயிருள்ள அணுவின் (செல்லின்) சவ்வைப் பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடந்த ஞாயிறு அறிவியல் வகுப்பில் என்னிடம் கேட்கப்பட்டவை.

அக்கா, சவ்வின் தடிப்பு சுமார் 5 நானோமீட்டர்தான். ஒளி நுண்ணோக்கியோ 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. அப்புறம் எப்படித் தெரிகிறது? (ஆறாம் படிவ மாணவி)

தெரிவது தடிப்பு இல்லைம்மா, சவ்வில் ஏறிய சாயத்தின் வெளிச்சம். விடியுமுன் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களின் தலைவிளக்கு தூரத்திலிருந்தே தெரிகிறதே, விளக்கின் அளவா தெரிகிறது? எஃப்எம் 1-43 என்ற சாயம் தண்ணீரில் மங்கிக் கிடக்கும். சவ்வின் கொழுப்புக்குள் நுழைந்ததும் பளிச்சென்று ஒளிரும். படத்தில் உள்ள கோட்டின் அகலத்தை அளந்து அதுதான் சவ்வின் தடிப்பு என்று எழுதிவிடாதே.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. சாயம் கெட்டுவிட்டதா? (பல்கலைக்கழக மாணவர்)

இல்லை தம்பி, அணு உயிரோடு இருக்கிறது! அது தன் சவ்வையே சிறு பைகளாக உள்ளே இழுத்துக்கொள்ளும்; சாயமும் கூடவே போகும். விளிம்பு மட்டும் வேண்டுமென்றால் சாயம் இட்டவுடன் படமெடுத்துவிடு. 4 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்தால் இந்த இழுப்பு அடங்கும், ஆனால் சவ்வும் இறுகிவிடும். அதனால் குளிர்விப்பதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருப்பேன். அணுக்களை வளர்க்கும் திரவத்தில் சேர்த்த சீரத்தை (இரத்தநீரை) முதலில் கழுவிவிடு, அதிலுள்ள அல்புமின் என்ற புரதம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சவ்வு இளகியிருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று சாயம் சொல்லுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சொல்லும் ஐயா. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். லார்டான் என்ற சாயம் இறுகிய சவ்வில் 440 நானோமீட்டர் அருகே நீலமாக ஒளிரும். இளகிய சவ்வுக்குள் நீர் மூலக்கூறுகள் நுழைவதால் ஒளி 490 பக்கம் நகர்ந்து பச்சையாகும். இரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால், கொலஸ்ட்ரால் கூடி இறுகிய இடமும் குறைந்து இளகிய இடமும் வேறுபட்டுத் தெரியும். ஆனால் இதைத் தூண்டப் புறஊதா ஒளி வேண்டும், அது அணுவைக் காயப்படுத்தும். அதனால் புறஊதாவுக்குப் பதில் ஆற்றல் குறைந்த இரண்டு ஒளித்துகள்களால் தூண்டும் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கி நல்லது. எந்தச் சாயமானாலும் குறைந்த அளவு, குறைந்த வெளிச்சம். சாயம் அதிகமானால் சவ்வின் இயல்பே மாறிவிடும். பிறகு நாம் பார்ப்பது வேறு எதையோ.

அணு முழுக்க ஒளிர்ந்தால்?

பெரும்பாலும் சவ்வு கிழிந்து செத்திருக்கும். கணக்கில் சேர்க்காதே.

பால்மரத்துப் (ரப்பர் மரத்துப்) பாலில் இதைச் செய்யலாமா? (தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன்)

தாராளமாக, அண்ணே. பால் என்பது மரத்தின் பாற்குழாய் அணுக்களுக்குள் இருக்கும் திரவம். அதில் மிதக்கும் ரப்பர் துகள் ஒவ்வொன்றையும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த ஓரடுக்கு உறை மூடியிருக்கும். சாதாரணச் சவ்வுக்கு ஈரடுக்கு. நைல் ரெட் சாயம் இட்டால் துகள்கள் ஒளிரும். பால் உறைவதற்குள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.