ஹாம் ரேடியோ வெர்ட்டிகல் ஆன்டெனாவுக்கு எர்த் ராட் மட்டும் போதுமா, ரேடியல் ஒயர் புதைத்தே ஆக வேண்டுமா?

ராட், அதாவது தரையில் அடித்த உலோகக் கம்பி, மட்டும் போதாது; ஆன்டெனா அடியிலிருந்து எல்லாப் பக்கமும் விரித்துப் புதைக்கும் ரேடியல் ஒயர்களும் வேண்டும். இடி மின்னலுக்கு ராட் கட்டாயம் வேண்டும், எடுத்துவிடாதீர்கள். ஆனால் கால் அலை (அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு உயரமுள்ள) வெர்ட்டிகலில் ஆர்எஃப் கரண்ட், அதாவது ரேடியோ சிக்னலின் மின்னோட்டம், தரை வழியாகத் திரும்பி வர வேண்டும். ஒற்றை ராட் அதற்கு ஆகாது. நீங்களும் பெங்களூரில் 30க்கு 40 அடி சைட்காரராகத்தான் இருப்பீர்கள். நம் செம்மண் காய்ந்துவிட்டால் பாதிப் பவரை அதுவே தின்றுவிடும்.

ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டிலும் இடம் கொஞ்சம்தான். 40 மீட்டர் அலைநீளப் பேண்டுக்காக 10 மீட்டர் அலுமினியக் குழாயை நிறுத்தி ராடோடு இணைத்ததும் எஸ்டபிள்யூஆர் (50 ஓம் கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 காட்டியது. "இதுக்கு மேல என்னப்பா வேணும், விட்டுடு" என்றார் எனக்கு மோர்ஸ் கற்றுக்கொடுத்த அண்ணன். நான் விடவில்லை. நல்ல தரை மேல் இந்த ஆன்டெனா 36 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 50 காட்டினால் மிச்ச 14 ஓம் மண்ணைச் சூடாக்குகிறது என்று அர்த்தம்.

எஸ்.பி. ரோட்டில் சாதாரண வயரிங் ஒயர் வாங்கினேன். மண்வெட்டியால் கீறி, இரண்டு விரற்கடை ஆழத்தில் அழுத்தினேன். ஆழமாகப் போனால் பலன் குறையும். கேட் பக்கம் 3 மீட்டர், முருங்கை மரம் வரை 7 மீட்டர், சுவரோரம் வளைத்து என்று மொத்தம் 16 ஒயர். புதைத்த ரேடியலுக்கு நீளம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். எஸ்டபிள்யூஆர் 1.3க்கு ஏறியது. "கெட்டுப்போச்சே" என்றார் அண்ணன். இல்லை, 36 ஓமை நெருங்கியிருக்கிறது, மண்ணில் போன நஷ்டம் குறைந்திருக்கிறது என்றேன். ஐரோப்பிய நிலையங்கள் முன்பைவிடச் சுலபமாகப் பதில் தந்தன. ஒரு இரவின் வானலைக் கண்டிஷன் என்று சொல்லாதீர்கள், அந்த சீசன் முழுக்க அப்படித்தான்.

120 ரேடியல் இல்லாமல் வீண் என்று சண்டைக்கு வருபவர்களே, 1937இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற பொறியாளர்கள் அளந்து சொன்னதை நானும் படித்திருக்கிறேன். அது ஒலிபரப்பு நிலையங்களுக்கான கணக்கு. வீட்டுக்கு 16 முதல் 32 வரை தாராளம்.

ஒயர் புதைக்க மண் வேண்டுமே, அதனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தெருவில் ஒருத்தர் விடாமல் வாசல் முழுக்க டைல்ஸ் போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் நேராக ரோட்டுக்கு ஓடுகிறது, கோடையில் போர்வெல் வற்றியது என்று அவர்களே டேங்கருக்கு நிற்கிறார்கள். நான் மண்ணை விட்டுவைத்ததற்கு "முன்வாசல் அசிங்கமா இருக்கு" என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

சரி, மே மாத மழை ஒன்று பெய்யட்டும், மண் இளகிவிடும். அப்போது கீறுங்கள். எல்லா ஒயரையும் ஆன்டெனா அடியில் ஒரே செம்புத் தகட்டில் பற்றவைத்து, ராடையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.