இதயத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

கேள்வி: பண்டைய எகிப்தில் மம்மி செய்யும்போது மூளையை வீசிவிட்டு, இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டார்களாமே, ஏன்? (தேனி வாசகர்)

பதில்: நினைப்பதும் முடிவெடுப்பதும் இதயம்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. மறுமையில், இறந்தோரின் கடவுளான ஒசைரிஸ் முன்னிலையில், உண்மைக்கும் நீதிக்கும் உரிய மாஅத் தேவதையின் இறகுக்கு எதிர்த்தட்டில் இதயத்தை வைத்து எடைபோடுவார்கள். பாவத்தால் கனத்தால், முதலைத் தலை கொண்ட அம்மித் என்னும் பூதம் விழுங்கிவிடும். அத்தோடு சரி, மறுவாழ்வு கிடையாது. மூளைக்கு அங்கே வேலையே இல்லை. மூக்கு வழியாகக் கொக்கி விட்டுக் கிளறி எடுத்துவிடுவார்கள்.

உடலை ஏன் காக்க வேண்டும்? 'பா' என்னும் ஆன்மா, பறவை வடிவில் பகலில் வெளியே போய் இரவில் தன் உடலுக்கே திரும்ப வேண்டும். உடல் அழுகிவிட்டால் எங்கே திரும்புவது?

அழுகல் வயிற்றில்தான் தொடங்கும். அதனால் இடது விலாவுக்குக் கீழே கீறி, கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்துத் தனியே உலர்த்தி, பெரும்பாலும் நான்கு ஜாடிகளில் வைத்தார்கள். பிறகு உடலை நேட்ரானில் மூடி ஏறக்குறைய 40 நாள். சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த இயற்கை உப்பு அது. கரைசலில் ஊறவைத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள், தவறு. உலர்ந்த உப்புதான் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய், பிசின், துணிச்சுற்று எல்லாம் சேர்த்து 70 நாள்.

பிசின் மிஞ்சினாலும் வம்பு. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் உடல் மீது தாராளமாக ஊற்றியது இறுகி, உடல் தங்கப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. 1925-ல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் குழுவினர் உடலைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வெளியே எடுத்தார்கள்.