கம்பு முனையில் கேமரா: பயனீட்டாளர் கேள்வி-பதில்

கே: வாசலில் வந்த ஓர் ஆள், "அம்மா, உங்கள் வீட்டு ஓடு உடைஞ்சிருக்கு" என்று கைபேசியில் படம் காட்டினார். 1,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்டார். பயந்துபோய் 900 வெள்ளி முன்பணம் வங்கியில் போட்டுவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டுப் பையன் நீளக் கம்பில் கேமராவைக் கட்டி எடுத்துக் காட்டினான். ஓர் ஓடுகூட உடையவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (ஜெலுத்தோங், பினாங்கு)

ப: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. ஏறிப் பார்க்க முடியாதவர்கள் வீடாகத் தேடித்தான் இந்த ஆட்கள் வருகிறார்கள். முதலில் போலீஸ் புகார் செய்யுங்கள். பணம் போட்ட சீட்டு, அவர் எண், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பையனிடம் இன்னொரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்: கேட்டில் இருக்கும் உங்கள் வீட்டு எண்ணில் தொடங்கி, நிறுத்தாமல் அப்படியே கூரை வரை போக வேண்டும். அது உங்கள் கூரைதான் என்பதை அப்போது யாரும் மறுக்க முடியாது. ஆளின் பெயரும் முகவரியும் தெரிந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பாரம் 1-ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். போங்கள் அம்மா, 900 வெள்ளியை விட்டுவிடாதீர்கள்.

கே: வீட்டு முன்னால் மின்கம்பி போகிறது. அலுமினியக் கம்பு போதுமா? (கெப்போங்)

ப: கூடவே கூடாது. கார்பன் கம்பும், நனைந்த மூங்கிலும் அப்படித்தான்.

கே: '4கே' என்று போட்டிருந்த கேமராவை 99 வெள்ளிக்கு வாங்கினேன். கூரைக் கட்டரில் (கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில்) என்ன கிடக்கிறது என்றே தெரியவில்லை, ஒரே மங்கல். (செந்தூல்)

ப: மிகத் தெளிவான படம் என்று சொல்லும் அந்த '4கே' எழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலானவை சின்னப் படத்தை எடுத்து, மென்பொருளால் 4கே அளவுக்கு இழுத்து நீட்டுகின்றன. அரை லிட்டர் பாலில் தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டர் என்று விற்பதும் இதுவும் ஒன்றுதான். பெட்டியின் ஓரத்தில், பொடி எழுத்தில், 'இன்டர்போலேட்டட்', அதாவது இழுத்து நீட்டிய படம், என்று இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லாமல் 4கே என்று மட்டும் போட்டிருந்தால், 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு உங்கள் பக்கம்: சொன்னபடி பொருள் இருக்க வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கடையில் தொங்கும் அட்டையால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது.

நானும் இப்படி 120 வெள்ளி கொடுத்து ஏமாந்தவள். பெட்டியில் '30 மீட்டர் வாட்டர்புரூஃப்' என்று இருந்தது. தண்ணீர்த் தாங்கிக்குள் இறக்கினேன், செத்துப்போனது. அந்த 30 மீட்டர் கூட வந்த பிளாஸ்டிக் கூட்டுக்கு, கேமராவுக்கு இல்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஆனால் ஒன்று, மங்கலுக்கு விலை மட்டும் காரணமாக இருக்காது. ஆக்‌ஷன் கேமராவின் (இப்படிக் கம்பில் கட்டும் சின்னக் கேமராவின்) லென்ஸ் பெரும்பாலும் அசையாத ஃபோக்கஸ். சுமார் 30 சென்டிமீட்டருக்குள் போனால் நல்ல கேமராவும் மங்கலாகத்தான் காட்டும். கட்டருக்குள் மூக்கை நுழைக்காமல் ஒரு முழம் மேலே நிறுத்துங்கள். சின்னச் சென்சாருக்கு இருட்டு ஆகாது. பக்கத்தில் ஒரு டார்ச்சைக் கட்டுங்கள். அகல லென்ஸ் நேரான சுவரையும் வளைத்துக் காட்டும், விரிசலைச் சின்னதாக்கும். அந்த வளைவை நேராக்கும் 'லீனியர்' என்ற அமைப்பு இருந்தால் அதில் வையுங்கள். கட்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதை அன்றே வடித்துவிடுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

கே: தாங்கித் தண்ணீருக்குள் கேமராவை விட்டதும் கைபேசியில் படம் நின்றுபோகிறது. பழுதா? (புக்கிட் மெர்தாஜாம்)

ப: பழுது இல்லை. வைஃபை தண்ணீருக்குள் போகாது. ரெக்கார்டு போட்டு இறக்குங்கள், எடுத்த பிறகு பாருங்கள். கோப்ரோ நிறுவனத்தின் கேமராக்களில் ஹீரோ 5 பிளாக் தொடங்கி வந்த, எண் போட்ட ஹீரோ பிளாக் வரிசை கூடு இல்லாமலே 10 மீட்டர் தாங்கும், பக்கவாட்டுக் கதவு இறுக மூடியிருந்தால்.

கே: கழிப்பறைக் குழாய்க்குள் பார்க்க 2,000 வெள்ளிக்கு 360 கேமரா (சுற்றிலும் படம் எடுப்பது) வாங்கினேன். உள்ளே நுழையவில்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: வாங்குவதற்கு முன் குழாயின் வாயை அளந்தீர்களா? கேமராவை அளந்தீர்களா? இரண்டும் செய்யாமல் 2,000 வெள்ளியை நீட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். "குழாய்க்குள் விடத்தான் வாங்குகிறேன்" என்று நீங்கள் சொல்லி, "தாராளமாகப் போகும்" என்று அவர் சொல்லியிருந்தால் அதே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆம் பிரிவில் வழக்கு உண்டு. வாய் திறக்காமல் வாங்கியிருந்தால் இல்லை. குழாய்க்கு வேண்டியது எண்டோஸ்கோப் கேமரா. ஒயர் முனையில் விரல் பருமனுக்கும் குறைவாக இருக்கும், சில சென்டிமீட்டர் தூரத்திலேயே தெளிவாகக் காட்டும், 100 வெள்ளிக்குள் கிடைக்கும்.

கே: இரண்டு மாடி டெரஸ் (வரிசை) வீட்டுக்கு எவ்வளவு நீளக் கம்பு வேண்டும்? (பாயான் லெப்பாஸ்)

ப: கட்டர் ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால், உங்கள் உயரம் போக நாலரை, ஐந்து மீட்டர் கம்பு போதும். ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் உருளை மாட்டும் கம்பு கிடைக்கும். கால் அங்குல மறை உள்ள முனையை அதில் பொருத்தினால் கேமரா உட்காரும். எட்டு மீட்டர் வாங்காதீர்கள். நான் வாங்கினேன், முழுதாக நீட்டியதும் தூண்டில் மாதிரி ஆடியது, வீடியோ முழுக்க வானமும் பக்கத்து வீட்டு மாமரமும்தான். ஓர் இடத்தில் பத்து விநாடி அசையாமல் நிறுத்துங்கள், பிறகு நகருங்கள். கேமராவைக் கம்போடு சேர்த்து ஒரு நைலான் கயிறும் கட்டிவிடுங்கள், கீழே ஆட்கள் நிற்பார்கள்.