பாட்டியிடமிருந்து உங்களுக்கு வந்து சேர்ந்த கலை எது?

எனக்கு வந்தது தையல். என் அப்பத்தா மேலூரில் மிதி இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, தெருப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டையும் தைத்துக் கொடுத்தவர். இயந்திரம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் கத்தரி வைக்கும் முன் துணியை அறிந்துகொள்ளும் பழக்கத்தையே அவர் தந்த பெரிய சொத்தாகக் கருதுகிறேன்.

பருத்தி முதல் சலவையிலேயே சுருங்கும் என்பதால், எந்தத் துணியையும் நனைத்து நிழலில் உலர்த்திய பிறகே அளப்பார். பிறகு இரு கைகளாலும் இழுத்துப் பார்க்கச் சொல்வார். பாவு, அதாவது நெடுக்கு நூல், ஓடும் வாக்கில் துணி விறைப்பாக நிற்கும். ஊடை, அதாவது குறுக்கு நூல், வாக்கில் சற்றே இளகும். மூலைவாட்டில் நன்றாகவே நீளும். ரவிக்கையின் உடல் பாகத்தைப் பாவு வாக்கில் வெட்டுவதும், வளைந்த கழுத்துக்கான பட்டியை மூலைவாட்டில் எடுப்பதும் இதனால்தான் என்பதை என் விரல்களே அறிந்துகொண்டன. சுங்குடியில் இன்னும் கவனம் வேண்டும்: முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகளில் துணி சுருங்கியே நிற்கும், அந்தச் சுருக்கத்தோடு அளந்தால் அளவு பிசகும்.

மதுரைக்குப் போனால் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக்கும் அழைத்துச் செல்வார். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு நேர்ந்துகொண்டு வேடமிடுபவர்களுக்கான சல்லடம் என்னும் அரைக்காற்சட்டையையும் உருமால் என்னும் தலைப்பாகையையும் தூண்களுக்கிடையே அமர்ந்து தைத்த தையற்காரர்களின் கைவேகத்தை அப்பத்தா மரியாதையோடு கவனிப்பார். அந்தக் கடைகள் பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

அவருடைய வேலையில் நான் மிகவும் நேசிப்பது பிள்ளைகளின் பாவாடையைத்தான். இடுப்பின் உள்ளே தாராளமாகத் துணி விட்டு, கீழே இரண்டு மூன்று டக், அதாவது மடித்துத் தைத்த மடிப்பு, பிடித்துவிடுவார். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்தால், ஒரே பாவாடை சில ஆண்டுகளுக்கு உடுத்தக் கிடைக்கும். உள்ளே அரை அங்குலம்கூட விடாமல் தைத்து விற்கும் இன்றைய ஆயத்த உடைகளை என்னால் நல்ல தையல் என்று ஏற்க முடியவில்லை. என் அண்ணன் மகளுக்கு நான் தைக்கும் பாவாடைகளிலும் டக் உண்டு. பிரித்த இடத்தில் வெளுக்காத துணி ஒரு கோடாகத் தெரியும். அதன்மேல் அப்பத்தா செய்ததைப் போலவே வண்ண நூலில் சங்கிலித் தையல் போட்டுவிடுகிறேன்.