டல்லாஸ் ஃபைனலும் சுருட்டி எடுத்துப் போன தரையும்

வாசகர் கேள்வி – பதில்

(வட சென்னை வாசகர்கள் அனுப்பிய டென்னிஸ் கேள்விகள் இந்த இதழில்.)

கே: துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தா, "விம்பிள்டனைவிட டல்லாஸ் ஃபைனல்தான் பெரிசு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது டல்லாஸில் அப்படி எதுவும் நடப்பதாகத் தெரியவில்லையே? – வாசகர், ராயபுரம்

ப: தாத்தா சொன்னதில் பாதி சரி. பரிசுப் பணத்தில் டல்லாஸ் பெரிசு, பெருமையில் விம்பிள்டன்தான்.

'வேர்ல்டு சாம்பியன்ஷிப் டென்னிஸ்', சுருக்கமாக டபிள்யூ.சி.டி., 1967இல் தொடங்கப்பட்ட அமைப்பு. டேவ் டிக்சனும் டெக்சஸ் எண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்த லாமர் ஹன்ட்டும் சேர்ந்து தொடங்கினார்கள். நியூகோம்ப், ரோச், டிரைஸ்டேல், ரால்ஸ்டன், பிலிச், டெய்லர், பார்தே, புக்கோல்ஸ் ஆகிய எட்டுப் பேரை ஒப்பந்தம் செய்து 1968இல் ஊர் ஊராக ஆடவைத்தார்கள். 'ஹேண்ட்சம் எய்ட்' என்று பத்திரிகைகள் எழுதியது இவர்களைத்தான். வெள்ளைச் சட்டைதான் போடவேண்டும் என்ற வழக்கத்தை விட்டு வண்ண உடையில் ஆடினார்கள்.

1971இல் 32 வீரர்கள், 20 போட்டிகள் என்று பெரிய சுற்றாக வளர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் வென்ற அளவுக்குப் புள்ளி. புள்ளிப் பட்டியலில் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் கடைசிப் போட்டிக்குத் தகுதி. அந்தக் கடைசிப் போட்டிதான் 'டல்லாஸ் ஃபைனல்'. ஆட்டம் முழுக்கக் கூரைக்குக் கீழே, கார்பெட் தரையில். வென்றவருக்கு 50,000 டாலர். 1972 விம்பிள்டன் ஆண்கள் சாம்பியன் ஸ்டான் ஸ்மித்துக்குக் கிடைத்தது 5,000 பவுண்டு, அதாவது டல்லாஸ் பரிசில் சுமார் கால் பங்கு.

கே: 1972 டல்லாஸ் ஃபைனலை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்? – வாசகர், பெரம்பூர்

ப: 1972 மே 14, சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் மூடி கொலீசியம். ஆஸ்திரேலியர்களான கென் ரோஸ்வாலுக்கு வயது 37, ராட் லேவருக்கு 33. முந்தைய ஆண்டும் இதே இருவர்தான் ஃபைனலில் மோதி, ரோஸ்வால் ஜெயித்திருந்தார். இந்த முறை 4-6, 6-0, 6-3, 6-7, 7-6. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட இந்த ஆட்டத்தை அமெரிக்கா முழுக்க என்.பி.சி. நேரடியாகக் காட்டியது.

ஐந்தாவது செட் 6-6 ஆனதும் டைபிரேக், அதாவது முதலில் 7 பாயின்ட் எடுப்பவருக்கு செட். அதில் லேவர் 5-4 என்று முன்னால். அடுத்த இரண்டு சர்வீஸும் அவருடையவை. இரண்டையும் போட்டால் கோப்பை அவருக்கு. இரண்டு சர்வீஸையும் ரோஸ்வால் பேக்ஹேண்டால் திருப்பி அடித்தே பாயின்ட் எடுத்தார். 6-5. அடுத்த பாயின்ட்டும் அவருக்கே, 7-5.

தரையைக் கணக்கில் எடுத்தால்தான் இது முழுதாகப் புரியும். கார்பெட்டில் பந்து வேகமாக வழுக்கிப் போகும், உயரே எழும்பாது. சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வருபவருக்கு அது பெரிய சாதகம். ஆனால் ரோஸ்வாலின் ஆயுதம் பேக்ஹேண்ட் ஸ்லைஸ், அதாவது பந்தின் அடியை வெட்டி அடிப்பது. அந்தப் பந்து தரையில் பட்டால் முழங்காலுக்குக் கீழேயே சறுக்கும். பாயின்ட் நீண்டால் வலைக்கு வந்தவர் குனிந்து, பந்தைக் கீழிருந்து மேலே தூக்கித்தான் வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) ஆடவேண்டும். லேவருக்கு வேகம் கொடுத்த அதே கார்பெட் ரோஸ்வாலின் ஸ்லைஸுக்கும் இடம் கொடுத்தது. உள்ளரங்கு ஆட்டங்களில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்லமுடியுமா என்பது எங்களுக்குச் சந்தேகம்தான்.

இத்தனைக்குப் பிறகும் இருவருமே அந்த ஆண்டு விம்பிள்டனில் ஆடவில்லை. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்துக்கும் டபிள்யூ.சி.டி.க்கும் நடந்த சண்டையில், ஒப்பந்த வீரர்கள் 1972இன் முற்பகுதி முழுக்க ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள்.

கே: கடைசி செட்டில் டைபிரேக் என்பது புது வழக்கம்தானே? – வாசகர், வண்ணாரப்பேட்டை

ப: விம்பிள்டன் போன்ற போட்டிகளுக்குத்தான் புதுசு. விம்பிள்டனில் கடைசி செட் டைபிரேக் 2019இல்தான் வந்தது, அதுவும் 12-12க்குப் பிறகு. நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் 6-6இல் 10 பாயின்ட் டைபிரேக் என்று ஒரே விதியானது 2022இல். டல்லாஸில் ஐந்தாவது செட்டுக்கும் 7 பாயின்ட் டைபிரேக் 1972லேயே இருந்தது.

கே: நம்ம ஊர்க்காரர் யாராவது அந்தச் சுற்றில் ஜெயித்திருக்கிறார்களா? – வாசகர், வியாசர்பாடி

ப: விஜய் அமிர்தராஜ். டபிள்யூ.சி.டி. ஒற்றையருக்கு டல்லாஸ் போல, இரட்டையருக்கும் தனியாக ஒரு கடைசிப் போட்டி உண்டு. 1977இல் கன்சாஸ் சிட்டியில் நடந்த அந்தப் போட்டியில் விஜயும் அமெரிக்காவின் டிக் ஸ்டாக்டனும் சேர்ந்து, ஜெருலைட்டிஸ் – பனாட்டா ஜோடியை வென்று பட்டம் எடுத்தார்கள். அதே ஆண்டு டல்லாஸ் ஒற்றையர் ஃபைனலில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றவரும் இந்த ஸ்டாக்டன்தான்.

அதற்கு முந்தைய தலைமுறையில் ராமநாதன் கிருஷ்ணனையும் அமெரிக்க டென்னிஸ் அமைப்பாளர் ஜாக் கிரேமர் தன் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தார். அவர் போகவில்லை. 1968க்கு முன் தொழில்முறைக்குப் போனவருக்கு விம்பிள்டனும் கிடையாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. போகாமல் இருந்ததால்தான் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளும் 1966 டேவிஸ் கோப்பை இறுதியும் நமக்குக் கிடைத்தன.

கே: இவ்வளவு பணம் புழங்கிய போட்டி ஏன் நின்றது? – வாசகர், திருவொற்றியூர்

ப: காலண்டரில் இடம் போனதால். 1972 சமரசத்தில் ஆண்டின் முதல் சில மாதங்கள் டபிள்யூ.சி.டி.க்கு, மீதி சர்வதேச சம்மேளனத்தின் கிராண்ட் பிரி சுற்றுக்கு என்று பங்கு பிரித்தார்கள். 1978இல் டபிள்யூ.சி.டி. கிராண்ட் பிரியோடு சேர்ந்தது, 1982இல் பிரிந்து தனிச்சுற்று நடத்தியது, வழக்குப் போட்டது, 1985இல் திரும்ப வந்து சேர்ந்தது. இந்த இழுபறியில் யார் எந்த வாரம் எங்கே ஆடுவார்கள் என்பதே குழப்பமானது. இன்னொரு பக்கம் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கிராண்ட் பிரியின் கடைசிப் போட்டியான மாஸ்டர்ஸ். அதுவும் உள்ளரங்கு, அதுவும் பட்டியலில் முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும். ஒரே மாதிரி இரண்டு 'கடைசிப் போட்டி' எதற்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

1990இல் வீரர்கள் சங்கமான ஏ.டி.பி. தானே சுற்றை நடத்தத் தொடங்கியது. டபிள்யூ.சி.டி.க்கு அதில் இடமில்லை. கடைசி டல்லாஸ் ஃபைனல் 1989இல். ஜான் மெக்கன்ரோ பிராட் கில்பர்ட்டை வென்றார். 1979, 1981, 1983, 1984ஐயும் சேர்த்தால் மெக்கன்ரோவுக்கு ஐந்து. வேறு யாருக்கும் அத்தனை இல்லை.

கே: அந்தக் கார்பெட்டை ஊர் ஊராக எப்படிக் கொண்டு போனார்கள்? எங்கள் பகுதி மண்டபத்தில் அது மாதிரி விரித்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா? – வாசகர், தண்டையார்பேட்டை

ப: சுருட்டித்தான். கூடைப்பந்து அரங்கில் மரத்தரை மேலேயோ பலகை அடுக்கியோ விரிப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் சுருட்டி அடுத்த ஊருக்கு.

முதலில் அளவு. கோர்ட் 78 அடிக்கு 36 அடி. கோட்டுக்குப் பின்னால் 21 அடி, பக்கத்தில் 12 அடி ஓட இடம் விட்டால் 120க்கு 60, ஆக 7,200 சதுர அடி. வலைக்கு மேல் கூரை குறைந்தது 30 அடி வேண்டும். இல்லாவிட்டால் லாப் (எதிராளி தலைக்கு மேல் உயரத் தூக்கி அடிப்பது) அடிக்கவே முடியாது. நம் பக்கத்துக் கல்யாண மண்டபம் எதுவும் இதற்குத் தாங்காது. ஆனால் சிறுவர்களுக்கான சிவப்புப் பந்து கோர்ட் 36க்கு 18 அடிதான், வலை உயரம் 80 செ.மீ. அது தாராளமாகக் கொள்ளும்.

சுருளை எந்தப் பக்கம் விரிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 12 அடி அகலச் சுருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு கோர்ட்டில் நீளவாக்கில் விரித்தால் ஐந்து பட்டை, நான்கு இணைப்பு. வெளி இரண்டு இணைப்பும் சரியாக இரட்டையர் பக்கக் கோட்டின் மேல் விழும், கோட்டு நாடாவே இணைப்பை மூடிவிடும். குறுக்கே விரித்தால் பத்துப் பட்டை, ஒன்பது இணைப்பு. ஒன்று வலைக்கு அடியில் போனாலும், பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோடு) 3 அடி உள்ளே இரு பக்கமும் ஓர் இணைப்பு வரும். ஆழமாக அடித்த பந்தெல்லாம் அங்கேதான் விழும்; இணைப்பில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லமுடியாது. சின்ன கோர்ட்டுக்கும் இதே கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு விரியுங்கள்.

கடற்கரைப் பக்கம் என்பதால் தரை ஈரம்தான் முதல் எதிரி. ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் டேப் பிடிக்காது, இணைப்பு வாய் திறக்கும், கார்பெட் நாறும். முதலில் ஈரத்தைத் தடுத்துவிட்டு அப்புறம் விரியுங்கள். 10 அடி அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்துப் பார்த்தால் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. பலகை போடுவதானால் பலகை இணைப்பும் கார்பெட் இணைப்பும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் தள்ளிப் போடவும். தட்டினால் தொம்மென்று கேட்கும் இடத்தில் பந்து எழும்பாமல் செத்துப்போகும். அடியில் முட்டுக் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

சுருளைப் பிரித்த அன்றே ஒட்டவேண்டாம். ஒரு நாள் விரித்தபடி விட்டால் சுருட்டல் மடிப்பு தளரும். அவசரப்பட்டு ஒட்டினால் நடுவில் உப்பும், ஓடும் பிள்ளை கால் தடுக்கி விழும். விளக்கைக் கோர்ட்டுக்கு நேர் மேலே மாட்டாமல் இரண்டு பக்கமும் மாட்டுங்கள், அண்ணாந்து பார்க்கும்போது கண் கூசாது. திரும்பச் சுருட்டும்போது மடிக்காமல், பழைய அட்டைக் குழாயிலேயே சுற்றி, படுத்த நிலையில் வையுங்கள். நிறுத்தி வைத்தால் கீழ் ஓரம் நசுங்கி, அடுத்த முறை அந்த இணைப்பு சேராது.