வீட்டுக்கடன் வட்டிக்கு உதவி வாங்கினால் வேலையில்லாப் படி குறையுமா?

கேள்வி: பிரிட்டனில் இருக்கிறோம். கணவருக்கு வேலை போய்விட்டது, எனக்கும் வருமானமில்லை. வீட்டுக்கடன் வட்டிக்கு அரசு உதவி (எஸ்எம்ஐ) கேட்டால் மாதப் பணத்தில் பிடிப்பார்களா?
– வாசகி, ஹாரோ

பதில்: பிடிக்க மாட்டார்கள். 2018 ஏப்ரல் முதல் எஸ்எம்ஐ இனாம் அல்ல, கடன். அதனால் அது வருமானக் கணக்கில் சேராது. பணமும் உங்கள் கைக்கு வராமல் வங்கிக்கே போகும்.

பலர் தவறுவது வேறிடத்தில். கணவர் வாங்கும் நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏவை (வேலையில்லாப் படி) மட்டும் வைத்து எஸ்எம்ஐ கிடைக்காது. இருவருமாக யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் (குறைந்த வருமானக்காரர்களுக்கான மாத அரசு உதவி) இன்றே விண்ணப்பியுங்கள். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் அது கிடைக்காது.

ஜேஎஸ்ஏ தொகை அதில் முழுசாகக் கழியும். 2025–26 கணக்கில், 25 வயது தாண்டிய தம்பதிக்கு யூனிவர்சல் கிரெடிட் மாதம் 628.10 பவுண்டு. வாரம் 92.05 வீதம் ஜேஎஸ்ஏ மாதத்துக்கு 398.88. மீதி 229.22 வரும். பணம் குறைவது இதனால்தான், எஸ்எம்ஐயால் அல்ல.

யூனிவர்சல் கிரெடிட் தொடர்ந்து 3 மாதம் வந்த பிறகே எஸ்எம்ஐ தொடங்கும். நடுவில் அறுந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அதுவும் 2,00,000 பவுண்டு வரையான கடனின் வட்டிக்கு மட்டும், அரசு நிர்ணயிக்கும் விகிதத்தில். அசலும் பழைய பாக்கியும் உங்கள் பொறுப்பு. ஆகவே தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசிவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இந்த எஸ்எம்ஐ கடனுக்கும் வட்டி ஏறும். வீட்டை விற்கும்போது கழித்துக்கொள்வார்கள்.