கைசர்ஸ்லவுட்டர்னுக்கு வரும் தம்பிக்கு: இங்கே அமெரிக்கப் படையினரை எப்படிப் பார்க்கிறார்கள்?

தம்பி, வணக்கம். அக்டோபரில் கைசர்ஸ்லவுட்டர்ன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப்போகிறீர்கள். ஊரைச் சுற்றி 50,000 அமெரிக்கர்கள் இருக்கிறார்களாமே, ஜெர்மானியர்களுக்கு அவர்கள் மேல் கோபம் இல்லையா, நாம் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். படையினர், குடும்பத்தினர், சிவில் ஊழியர்கள் எல்லோரையும் சேர்த்தால் அந்தக் கணக்கு ஏறக்குறைய சரிதான். நான் 2002 கடைசியில் இங்கே வந்தவன். ஈராக் போர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்.

கோபம் உண்டு. ஆனால் யார் மேல் என்பது எனக்குப் பிடிபடவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

கைசர்ஸ்லவுட்டர்னுக்குப் பக்கத்து ஊரான லாண்ட்ஸ்டூலில் ஒரு வயதான அம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். 2003 தொடக்கத்தில் அவர் பால்கனியில் வானவில் நிறக் கொடி ஒன்றைக் கட்டினார். நடுவில் பெரிய எழுத்தில் 'பாச்சே', அதாவது இத்தாலிய மொழியில் அமைதி. அப்போது ஐரோப்பாவில் எத்தனையோ ஜன்னல்களில் தொங்கிய கொடி அது. பிப்ரவரி 15 அன்று பெர்லினில் சுமார் 5 லட்சம் பேர் போர் வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார்கள். மூட்டுவலியால் எங்கும் போக முடியாத வீட்டுக்கார அம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதார். அவருடைய அப்பா ரஷ்யப் போர்முனைக்குப் போய்த் திரும்பி வராதவர்.

எதிர்வீட்டில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் குடும்பம் இருந்தது. அந்த வருடக் கடைசியில் அவரை ஈராக்குக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் மட்டும். இங்கே பனி விழுந்தால் வீட்டு முன்னால் உள்ள நடைபாதையைக் காலையிலேயே சுத்தம் செய்துவிட வேண்டும், யாராவது வழுக்கி விழுந்தால் நம் தலையில் விழும். (நீங்களும் வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரு நாள் விடியற்காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா தன் வாசலை முடித்துவிட்டு, பனிவாரியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அந்தச் சிப்பாய் வீட்டு நடைபாதையையும் படிக்கட்டு வரை தள்ளி, பொடிக்கல் தூவிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மேலே கொடி பனியில் விறைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அவர் கையிலிருந்து பனிவாரியை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சிப்பாய் ஈராக்கிலிருந்து திரும்பியதும் நன்றி சொல்ல ஒரு வைன் பாட்டிலோடு வந்தார். அம்மா போரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. "ராத்திரி தூக்கம் வருகிறதா?" என்று மட்டும் கேட்டார். அவர் பதில் சொல்லாமல் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் சீருடையைப் பார்த்தால் முன்பின் தெரியாதவர்கூட நிறுத்தி நன்றி சொல்வார். இங்கே அப்படி யாரும் செய்யமாட்டார்கள், தங்கள் சொந்த ராணுவத்துக்கும் செய்யமாட்டார்கள். ஆப்கானிஸ்தானில் 59 ஜெர்மன் படைவீரர்கள் இறந்தார்கள். என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு நாளை இந்த நாடு முதன்முதலாகக் கொண்டாடியதே 2025 ஜூன் 15 அன்றுதான். தாத்தா எந்தப் போரில் என்ன செய்தார் என்று கேட்கத் தயங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சிப்பாயைப் புகழ்வது அவ்வளவு சுலபத்தில் வராது. அதை அமெரிக்க வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் எங்கே போகிறது என்றால், பெரும்பாலும் அரசாங்கங்கள் மேல். அவர்களுடைய சொந்த அரசாங்கத்தையும் சேர்த்துத்தான். அன்றைய பிரதமர் ஷ்ரோடர் ஈராக்குக்கு ஜெர்மன் படை வராது என்று சொன்னார், வாக்கையும் காப்பாற்றினார். ஆனால் விமானங்கள் ஜெர்மன் வானத்தில்தான் பறந்தன, பக்கத்தில் ராம்ஸ்டைனில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளம் இரவும் பகலும் இயங்கியது, அமெரிக்க முகாம்களின் வாசலில் ஜெர்மன் வீரர்கள் காவல் நின்றார்கள். "வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தோம்" என்று வீட்டுக்கார அம்மா சொல்வார். எனக்கும் அதே எண்ணம்தான், இன்றும்.

காயம்பட்டவர்களை ராம்ஸ்டைனில் இறக்கி, லாண்ட்ஸ்டூல் மலைமேல் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனைக்கு நீலப் பேருந்துகளில் கொண்டுவருவார்கள். செய்தி பார்க்காமலே அந்தப் பேருந்துகளை வைத்து ஈராக்கில் நிலைமை எப்படி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். 2004 நவம்பரில் ஃபலூஜா சண்டை நடந்தபோது அவை ஒன்றன்பின் ஒன்றாக மலை ஏறின. உள்ளே இருந்தவர்களில் பலருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். அந்தச் சண்டையில் அடிபட்ட ஃபலூஜாக்காரர்களுக்கு இப்படி ஒரு பேருந்தும் இல்லை, மலைமேல் மருத்துவமனையும் இல்லை என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ட்ரோன் விவகாரம். தொலைதூரத் தாக்குதல்களுக்கான சிக்னல் ராம்ஸ்டைன் வழியாகப் போகிறது என்று தெரிந்ததிலிருந்து தளத்துக்கு எதிராகக் கூட்டம் கூடுகிறது. 2012இல் ஏமனில் நடந்த தாக்குதலில் உறவினர்களை இழந்தவர்கள் ஜெர்மன் அரசு மேல் வழக்குப் போட்டார்கள். மியூன்ஸ்டர் நீதிமன்றம் 2019இல் ஓரளவு அவர்கள் பக்கம் நின்றது, அடுத்த வருடமே மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2025 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றமும் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிக் கொதிப்போடு பேசும் மாணவர்களைச் சந்திப்பீர்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. தளத்தில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2020இல் ஜெர்மனியிலிருந்து சுமார் 12,000 படையினரைத் திரும்ப அழைப்பேன் என்று டிரம்ப் அரசு அறிவித்தபோது (பைடன் வந்ததும் அதை நிறுத்திவைத்தார்) இங்கே பலருக்கு வயிற்றைக் கலக்கியது. 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து வெளியேற்றப்பட்ட 30,000க்கும் மேற்பட்டவர்கள் ராம்ஸ்டைன் வழியாகப் போனார்கள். அவர்களுக்காக நாங்கள் குழந்தைத் துணிகளை மூட்டை கட்டிக் கொடுத்தோம். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, தளம் இருப்பதே நல்லது என்று சொல்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள், முன்பு கொடி கட்டியவர்கள் சிலர் உட்பட. 1988 ஆகஸ்ட் 28 விமான சாகசக் காட்சி விபத்தைப் பற்றி மட்டும் வயதானவர்களிடம் விளையாட்டாகப் பேசாதீர்கள். ராம்ஸ்டைனில் அன்று மூன்று விமானங்கள் மோதி 70 பேர் இறந்தார்கள், அந்தக் காயம் ஆறவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? 'அமி' என்ற சொல் காதில் விழும். அமெரிக்கர்களை ஜெர்மானியர்கள் அப்படித்தான் சொல்வார்கள், வசவு இல்லை, ஆனாலும் புதிதாக வந்த நீங்கள் சொல்ல வேண்டாம். போரைப் பற்றி உங்கள் கருத்தை ஜெர்மன் நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், மழுப்பினால்தான் அவர்களுக்குப் பிடிக்காது. அமெரிக்கச் சிப்பாயோடு பழக்கமானால் எத்தனை பேரைச் சுட்டாய் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். முகாம் வாசலில் படம் எடுக்காதீர்கள்.

ராம்ஸ்டைன், லாண்ட்ஸ்டூல் பக்கம் அறை தேடவும் வேண்டாம். அமெரிக்கப் படையினருக்குக் கிடைக்கும் வீட்டு வாடகைப் படியை மனதில் வைத்தே வீட்டுக்காரர்கள் வாடகை சொல்வார்கள், மாணவனுக்குக் கட்டாது. பல்கலைக்கழகம் நகரின் தெற்கே காட்டை ஒட்டி இருக்கிறது, மாணவர் விடுதிக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.